டான்சில் ஆபரேஷனுக்குப் பிறகு: ஆறாம் நாளைக் கவனியுங்கள்

[ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சற்றே சுருக்கித் திருத்தப்பட்டது.]

போன எபிசோடில் குழந்தைகளின் குறட்டை பற்றிப் பேசினோம். அதைக் கேட்டுவிட்டு அடையாறிலிருந்து ஒரு அம்மா எழுதியிருந்தார். "என் பையனுக்கு ஏழு வயசு. டான்சிலும் அடினாய்டும் சேர்த்து எடுக்கணும்னு சொல்லிட்டாங்க. சின்ன ஆபரேஷன்தான், மறுநாள் வீட்டுக்குப் போயிடலாம்னு டாக்டர் சொல்றார். நெட்ல பார்த்தா என்னென்னமோ போட்டிருக்கு. ராத்திரி தூக்கம் வரல. எதை நம்பறது?"

இரண்டையும் நம்பலாம். பெரும்பாலான குழந்தைகளுக்கு இது நல்லபடியாக முடிகிற ஆபரேஷன்தான். நெட்டில் போட்டிருக்கிற சிக்கல்களும் உண்மையிலேயே இருக்கின்றன. ஆனால் அவற்றில் பல, டாக்டர் கண் முன்னால் வருவதில்லை. குழந்தை வீட்டுக்கு வந்து, அப்பாடா என்று நீங்கள் மூச்சு விட்ட பிறகு வரும். அதனால் முதலில் கண்டுபிடிக்கப்போவது நான் இல்லை, நீங்கள்தான். எதைப் பார்க்க வேண்டும் என்று உங்களிடம் சொல்லியிருந்தால்தான் கண்டுபிடிக்க முடியும். இன்றைக்கு அதைத்தான் சொல்லப்போகிறேன்.

நான் கேட்காமல் விட்ட ஒரு கேள்வி

என் தவறிலிருந்தே ஆரம்பிக்கிறேன். நான் படித்து முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிது. எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே முக்கியமில்லை. குழந்தையின் அடையாளம் தெரியாமல் இருக்க ஒன்றிரண்டு விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

மந்தைவெளிப் பக்கம் ஒரு குடும்பம். ஆறு வயதுப் பையன். அடினாய்டு எடுத்து ஆறாவது நாள் அவன் அம்மா ஃபோன் பண்ணினார். "டாக்டர், கழுத்து வலிக்குதுன்னு அழறான்." தொண்டையில் ஆபரேஷன் ஆன குழந்தைக்குக் கழுத்து லேசாக வலிப்பது சகஜம். நானும் அதையே சொன்னேன். "சாதாரணம்மா. பாராசிட்டமால் கொடுங்க, ரெண்டு நாள் பாருங்க." ஃபோனை வைத்துவிட்டேன்.

ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். "தலை ஒரு பக்கமா சாய்ஞ்சிருக்கா? தானா நேராத் திருப்ப முடியுதா?" கேட்கவில்லை.

வீட்டில் அதற்குள் அது சுளுக்கு என்று முடிவாகிவிட்டது. நம்ம ஊரில் கழுத்துச் சுளுக்குக்கு முதல் வைத்தியம் என்ன? தலையணையை வெயிலில் காய வைப்பது. மொட்டை மாடியில் தலையணை காய்ந்தது. வலி போகவில்லை. எட்டாவது நாள், சுளுக்கு எடுக்கிறவர் ஒருவரைப் பக்கத்துத் தெருவிலிருந்து கூட்டி வந்துவிட்டார்கள். அவர் எண்ணெய் தொட்டுக் கை வைக்கப் போனபோது அந்த வீட்டுப் பாட்டி தடுத்திருக்கிறார். "தொண்டையில கத்தி பட்ட குழந்தைப்பா. கழுத்துல கை வைக்காத. டாக்டர் பார்த்துட்டு சொல்லட்டும், அப்புறம் வா."

பத்தாவது நாள் பையனை என்னிடம் கூட்டி வந்தார்கள். தலை இடது பக்கம் சாய்ந்திருந்தது, முகவாய் வலது பக்கம் திரும்பியிருந்தது. குருவி தலையைச் சாய்த்துப் பார்க்குமே, அப்படி. சிடி ஸ்கேன் எடுத்தோம். கழுத்தின் முதல் எலும்பு இரண்டாவது எலும்பின் மேல் திரும்பி நின்றுவிட்டிருந்தது. இதற்கு கிரிசெல் சிண்ட்ரோம் என்று பெயர்.

அன்றைக்கு அந்தப் பாட்டி தடுக்காமல், அந்தக் கழுத்தை யாராவது சொடுக்கி இழுத்திருந்தால்? அந்த எலும்புகளின் வளையத்துக்குள்தான் தண்டுவடம் இறங்குகிறது. இப்போது நினைத்தாலும் எனக்குக் கை நடுங்கும்.

கழுத்து ஏன் திரும்பிக்கொள்கிறது?

இது புது நோய் இல்லை. 1830-லேயே சார்ல்ஸ் பெல் என்கிற ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் இப்படி ஒரு நிலையைப் பற்றி எழுதியிருக்கிறார். 1930-இல் பியர் கிரிசெல் என்கிற பிரெஞ்சு மருத்துவர் இரண்டு நோயாளிகளைப் பற்றி எழுதிய பிறகு அவர் பெயரே நிலைத்துவிட்டது.

தொண்டையின் பின்சுவருக்கு நேர் பின்னால்தான் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகள் இருக்கின்றன. தொண்டையின் அந்தப் பகுதி ரத்தக்குழாய்களும் எலும்பைச் சுற்றியுள்ள ரத்தக்குழாய்களும் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை. ஆபரேஷன் செய்த இடத்து அழற்சியோ கிருமியோ அந்த வழியாகப் பரவி, எலும்பைக் கட்டி வைத்திருக்கிற தசைநார்களைத் தளர்த்திவிடலாம். குழந்தைகளுக்குத் தசைநார் ஏற்கெனவே இளக்கம், உடம்போடு பார்த்தால் தலையும் கனம். கொஞ்சம் தளர்ந்தாலே எலும்பு திரும்பி மாட்டிக்கொள்ளும். கீழே விழ வேண்டாம், அடிபட வேண்டாம், தானாகவே நடக்கும்.

சாதாரணக் கழுத்து வலிக்கும் இதற்கும் வித்தியாசம் என்ன? சாதாரண வலி நாளுக்கு நாள் குறையும். குழந்தை முனகிக்கொண்டாவது தலையை இரண்டு பக்கமும் திருப்பும். இதில் தலை ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கும். நேராக்கப் பார்த்தால் அலறும். "அம்மா இங்க இருக்கேன் பாரு" என்று கூப்பிட்டால் கழுத்தைத் திருப்பாமல் உடம்பு முழுவதையும் சேர்த்துத் திருப்பும். சில குழந்தைகளுக்குக் காய்ச்சலும் இருக்கும்.

இதைப் பார்த்தால் அன்றைக்கே ஆபரேஷன் செய்த டாக்டரிடம் காட்டுங்கள். எண்ணெய் தேய்க்க வேண்டாம், நீவ வேண்டாம், உலக்கையை உருட்ட வேண்டாம். சலூனில் சொடுக்கு எடுப்பது அறவே கூடாது. சீக்கிரம் கண்டுபிடித்தால் பெரும்பாலும் ஆன்டிபயாடிக், வலி மாத்திரை, கழுத்துக்கு ஒரு காலர், ஓய்வு, இதிலேயே சரியாகிவிடும். வாரக்கணக்கில் விட்டால் எடை கட்டி இழுக்கிற டிராக்‌ஷன் தேவைப்படும். அதற்கும் மேலே போனால் எலும்பை இணைக்கிற ஆபரேஷன் வரைக்கும் போகலாம். நான் சொன்ன பையனுக்கு டிராக்‌ஷன் போட வேண்டி வந்தது. அப்புறம் பல வாரம் காலர். நன்றாகிவிட்டான். ஆனால் ஆறாவது நாளே அவனைப் பார்த்திருந்தால், அநேகமாகக் காலரோடு முடிந்திருக்கும். அந்த நாலு நாள் என் கணக்கில்தான்.

இன்னொன்று. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளில் பத்தில் ஒன்றிரண்டு பேருக்கு இந்தக் கழுத்து மூட்டு பிறவியிலேயே தளர்வாக இருக்கும். அவர்களுக்கு அடினாய்டு தொந்தரவும் அதிகம், ஆபரேஷனும் அதிகம் தேவைப்படும். அப்படிப்பட்ட குழந்தை என்றால் முன்கூட்டியே கேளுங்கள்: "கழுத்தைப் பரிசோதிச்சுப் பார்த்தீங்களா? தியேட்டர்ல தலையை ரொம்பத் திருப்பாம, வளைக்காம பார்த்துப்பீங்களா?" கேட்டால் எந்த நல்ல டாக்டரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ரத்தம்: கண்ணுக்குத் தெரியாமலும் வரும்

கிரிசெல் மிக அபூர்வம். ரத்தப்போக்கு அவ்வளவு அபூர்வம் இல்லை. ஆனால் உயிருக்கு ஆபத்தாகிற அளவுக்குப் போவது அபூர்வம். இங்கிலாந்திலும் வட அயர்லாந்திலும் 2003, 2004-இல் சுமார் 34,000 டான்சில் ஆபரேஷன்களைத் தொடர்ந்து கவனித்துக் கணக்கெடுத்தார்கள். நூற்றுக்கு மூன்று நான்கு பேருக்கு ரத்தப்போக்கு வந்தது. திரும்பத் தியேட்டருக்குப் போக வேண்டியிருந்தது நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு.

ரத்தப்போக்கு இரண்டு சமயத்தில் வரும். ஒன்று, முதல் 24 மணி நேரத்தில். அப்போது பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் இருப்பீர்கள். இரண்டாவது, ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரைக்கும். டான்சில் இருந்த இடத்தில் வெள்ளையாகத் தயிர் ஆடை மாதிரி ஒரு படலம் மூடியிருக்கும். நிறைய பேர் அதைச் சீழ் என்று பயப்படுகிறார்கள். அது சீழ் இல்லை, புண் ஆறுகிற விதம். வாய் நாற்றம், காது வலி இதெல்லாமும் அந்தச் சமயத்தில் சகஜம். அந்தப் படலம் உரிந்து விழுகிற நாட்களில்தான் அடியில் இருக்கிற ரத்தக்குழாய் திறந்துகொள்ளலாம்.

பிரச்சினை என்னவென்றால், குழந்தை ரத்தத்தைத் துப்பாது, முழுங்கிவிடும். ராத்திரி தூக்கத்தில் முழுங்கினால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. அதனால் சிவப்பைத் தேடாதீர்கள், இதைப் பாருங்கள். தூக்கத்தில் தொண்டை அடிக்கடி ஏறி இறங்குகிறதா, அதாவது எதையோ திரும்பத் திரும்ப முழுங்குகிறதா? வாந்தி காபி டிகாக்‌ஷன் நிறத்தில் இருக்கிறதா? முகம் வெளுத்து, கை கால் சில்லிட்டு, நாடி வேகமாக அடிக்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் ரத்தம் உள்ளே போகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இதனாலேயே நான் சொல்வது, முதல் இரண்டு வாரம் சிவப்பு நிறத்தில் எதுவும் கொடுக்காதீர்கள். மாட வீதிக்குப் போனால் ரோஸ்மில்க் கேட்கும் குழந்தை. வேண்டாம். மாதுளை ஜூஸ், பீட்ரூட் எதுவும் வேண்டாம். வாந்தி எடுத்தால் அது ரோஸ்மில்க்கா ரத்தமா என்று நடுராத்திரியில் குழம்ப வேண்டியிருக்கும். இளநீர், மோர், குழைத்த ரசம் சாதம், வெள்ளை ஐஸ்க்ரீம் போதும். முறுக்கு, மிக்சர், சிப்ஸ் மாதிரி குத்துகிற பண்டம் எதுவும் கூடாது. தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். தொண்டை காய்ந்தால் வலி கூடும், வலி கூடினால் குடிக்காது, குடிக்காவிட்டால் இன்னும் காயும்.

சரி, ரத்தம் வந்துவிட்டது. என்ன செய்வது? குழந்தையை உட்கார வைத்து முன்பக்கம் சாய்த்துக்கொள்ளுங்கள். வருவதை ஒரு கிண்ணத்தில் துப்பச் சொல்லுங்கள், எவ்வளவு என்று டாக்டர் பார்க்கலாம். தூக்கக் கலக்கமாக இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்துத் தூக்கிக்கொண்டு போங்கள். மல்லாக்கப் படுக்க வைக்காதீர்கள். சாப்பிட, குடிக்க எதுவும் கொடுக்காதீர்கள், மறுபடி மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கலாம். கொஞ்சம் வந்து நின்றுவிட்டாலும் கிளம்புங்கள். சின்ன ரத்தம் சில சமயம் பெரிய ரத்தத்துக்கு முன்னால் வருகிற அறிகுறி.

எங்கே போவது? இதை ஆபரேஷனுக்கு முன்பே தீர்மானித்து வைத்திருக்க வேண்டும். பகலில் ஆபரேஷன் செய்கிற சின்ன நர்சிங் ஹோமில் ராத்திரி இரண்டு மணிக்கு யார் இருப்பார்கள்? ஈஎன்டி டாக்டர், மயக்க மருந்து டாக்டர், தியேட்டர், ரத்த வங்கி, இந்த நாலும் ராத்திரியில் கிடைக்கிற இடம் எது என்று கேட்டு, காகிதத்தில் எழுதி, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள். தென் சென்னை, மத்திய சென்னையில் தனியார் ஆஸ்பத்திரிகளுக்குக் குறைவில்லை. அரசு ஆஸ்பத்திரி என்றால் ராயப்பேட்டையும், சென்ட்ரலுக்கு எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையும் இரவும் பகலும் அவசரப் பிரிவு உள்ள இடங்கள். வழியையும் யோசித்து வையுங்கள். மெட்ரோ வேலை ஆரம்பித்ததிலிருந்து லஸ் பக்கம் எந்தத் தெரு எப்போது ஒருவழி என்று எனக்கே தெரிவதில்லை. சாயங்காலம் தி.நகரில் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். நிறைய ரத்தம் என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் ஃபோட்டோ அனுப்பிவிட்டு ப்ளூ டிக்குக்காகக் காத்திருக்காதீர்கள். கிளம்பிவிட்டு, வண்டியிலிருந்து பேசுங்கள்.

நம்ம ஊரில் இந்த ஆபரேஷன் நிறைய கோடை லீவில்தான் நடக்கிறது. ஸ்கூல் போகாது என்ற கணக்கு. நாலாம் நாள் குழந்தை ஓடியாட ஆரம்பித்ததும், ஊருக்குப் போக முன்பே போட்டு வைத்த ரயில் டிக்கெட் ஞாபகம் வரும். சரியாக ஆறாம் நாள் ராத்திரி விழுப்புரம் தாண்டி ரயிலில் இருப்பீர்கள். வேண்டாம். இரண்டு வாரம் ஊரை விட்டு நகராதீர்கள். தாத்தா பாட்டியை இங்கே வரச் சொல்லுங்கள்.

"காது குத்தினப்போ ரத்தம் நிக்கலையா?"

ரத்தம் உறைவதில் குறை உள்ள குழந்தைகளை முன்பே கண்டுபிடிக்க வழி இருக்கிறது. ரத்தப் பரிசோதனை மட்டும் போதாது. லேசான குறைகள் வழக்கமான பரிசோதனையில் தெரியாமல் போகலாம். அதைவிடப் பயனுள்ளது குடும்பத்துக் கதை. நான் கேட்கிற கேள்விகள் இவை. தொப்புள்கொடி விழுந்தபோது ரத்தம் நிற்காமல் வந்ததா? காது குத்தியபோது? பால் பல் விழுந்தபோது? லேசாக இடித்தாலே கன்றிப்போகிறதா? அம்மாவுக்கு மாதவிலக்கில் ரத்தப்போக்கு மிக அதிகமா? சொந்தத்தில் கல்யாணமா? அத்தை மகன், மாமன் மகள், தாய்மாமன் என்று கட்டிக்கொள்கிற குடும்பங்களில் அபூர்வமான உறைவுக் குறைகள் கொஞ்சம் அதிகம் வரும். இதற்கெல்லாம் அப்பா பதில் சொல்ல முழிப்பார், பாட்டிக்குத் தெரியும். அதனால் ஆபரேஷனுக்கு முந்தைய செக்கப்புக்குப் பாட்டியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். ஆமாம், நிஜமாகத்தான் சொல்கிறேன்.

பாப்பா மாம்மா ஆனால்

மூன்றாவது, பேச்சு. நம் வீடுகளில் டான்சிலையே உள்நாக்கு என்று சொல்வார்கள். "உள்நாக்கு வளர்ந்திருக்கு, எடுக்கணுமாம்" என்பார்கள். இரண்டும் வேறு. வாயைத் திறந்தால் நடுவில் மணி மாதிரி தொங்குவது உள்நாக்கு. இரண்டு ஓரத்திலும் உருண்டையாக இருப்பது டான்சில். அடினாய்டு மூக்குக்குப் பின்னால், மேல் அண்ணத்துக்கு மேலே ஒளிந்திருக்கும், வாய் வழியாகத் தெரியாது.

நாம் பேசும்போது, மூக்குக்குப் போகிற வழியை மென்மையான அண்ணம் பின்னால் எழும்பி அடைக்கிறது. சின்னக் குழந்தைகளுக்கு அடினாய்டு ஒரு திண்டு மாதிரி அதற்குத் துணையாக இருக்கும். அண்ணம் அதில் போய் முட்டி அடைத்துக்கொள்ளும். அந்தத் திண்டை எடுத்ததும் அண்ணம் கொஞ்சம் அதிகம் எட்டிப் பிடிக்க வேண்டும். பெரும்பாலான குழந்தைகளின் அண்ணம் சில வாரங்களில் பழகிக்கொள்ளும். அதுவரை மூக்கால் பேசுவது போல் இருக்கலாம், தண்ணீர் மூக்கு வழியாக வரலாம். பயப்பட வேண்டாம். ஆனால் ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவான குழந்தைகளுக்கு அது நிலைத்துவிடும், அண்ணம் எட்டவே எட்டாது.

தமிழில் இதைச் சோதிப்பது சுலபம். மெல்லினத்துக்குப் பிறப்பிடம் மூக்கு என்று நன்னூலிலேயே படித்திருக்கிறோம் இல்லையா? ங, ஞ, ண, ந, ம, ன. வல்லினத்துக்கு மூக்கில் காற்று வரக்கூடாது. குழந்தை மூக்குக்குக் கீழே ஒரு சின்னக் கண்ணாடியைப் பிடித்து "பாப்பா", "காக்கா", "தாத்தா" சொல்லச் சொல்லுங்கள். கண்ணாடியில் ஆவி படியக் கூடாது. "மாமா" என்றால் படியலாம், அது சரி. "பாப்பா"வுக்கே ஆவி படிந்து, கேட்க "மாம்மா" மாதிரி இருந்தால், காற்று மூக்கில் கசிகிறது என்று அர்த்தம். ஆபரேஷன் ஆகி இரண்டு மூன்று மாதம் கழித்தும் இப்படியே இருந்தால், "வளர வளர சரியாயிடும்" என்று விடாதீர்கள். பேச்சுப் பயிற்சியாளரிடமும், அண்ணப் பிளவு சிகிச்சை செய்கிற குழுவிடமும் காட்டுங்கள். பயிற்சி இருக்கிறது, தேவைப்பட்டால் ஆபரேஷனும் இருக்கிறது. தாமதித்தால் குழந்தை தப்பான இடத்தில் எழுத்தை உச்சரித்துப் பழகிவிடும். வகுப்பில் கிண்டல் செய்வார்கள், பேசுவதையே குறைத்துக்கொள்ளும்.

இதில் முன்கூட்டியே பிடிக்கக்கூடியது ஒன்று உண்டு. அதற்குத்தான் உள்நாக்கைப் பற்றிச் சொன்னேன். சில குழந்தைகளுக்கு அண்ணத்தின் தோல் மூடியிருக்கும், உள்ளே தசை சேராமல் பிளவாக இருக்கும். வெளியே தெரிகிற அடையாளம், உள்நாக்கின் நுனி இரண்டாகப் பிரிந்திருப்பது. நூற்றில் ஒன்றிரண்டு பேருக்கு நுனி அப்படி இருக்கும். எல்லாருக்கும் உள்ளே பிளவு இருக்காது. ஆனால் அப்படி இருந்தால் நன்றாகப் பரிசோதிக்காமல் அடினாய்டை முழுக்க எடுக்கக் கூடாது. எடுத்தே ஆக வேண்டும் என்றால் மூச்சுக்குத் தடையாக இருக்கிற மேல் பகுதியை மட்டும் எடுத்து, அண்ணம் முட்டுகிற கீழ்ப் பகுதியை விட்டுவிடலாம். குழந்தை கைக்குழந்தையாக இருந்தபோது பால் மூக்கு வழியாக வந்ததா என்பதும் ஒரு துப்பு. டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

வீட்டு மருந்துப் பெட்டி

நாலாவது, மருந்து. 2009-இல் ஒரு மருத்துவ இதழில் கனடாவின் ஆன்டாரியோ மாநிலத்தில் நடந்த ஒரு சம்பவம் வெளியானது. இரண்டு வயதுக் குழந்தை. தூக்கத்தில் மூச்சுத் தடைக்காக டான்சிலும் அடினாய்டும் எடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். வலிக்குக் கோடீன் சிரப். சரியான அளவில்தான் கொடுத்தார்கள். இரண்டாவது ராத்திரிக்குப் பிறகு குழந்தை எழுந்திருக்கவில்லை. கோடீன் உடம்புக்குள் போய் மார்ஃபினாக மாறும். சிலருடைய கல்லீரல் பிறவியிலேயே அதை மிக வேகமாக மாற்றிவிடும். மார்ஃபின் கூடினால் மூச்சு மந்தமாகும். தூக்கத்தில் ஏற்கெனவே மூச்சு தடைபடுகிற குழந்தைக்கு அது போதும்.

இப்படிப்பட்ட சம்பவங்களுக்குப் பிறகு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, 2013-இல், டான்சில் அடினாய்டு ஆபரேஷனுக்குப் பிறகு குழந்தைகளுக்குக் கோடீன் கூடாது என்று கடுமையான எச்சரிக்கை போட்டது. 2017-இல் டிராமடாலையும் அதில் சேர்த்தது, 18 வயதுக்குள் யாருக்கும் கூடாது என்று.

நம் வீட்டில் என்ன நடக்கிறது? அப்பாவுக்கு முதுகு வலிக்கு வாங்கிய மாத்திரை இருக்கும், அதில் டிராமடால் இருக்கலாம். பழைய இருமல் சிரப் இருக்கும், அதில் கோடீன் இருக்கலாம். "குழந்தை வலியில துடிக்குது, பாதி மாத்திரை கொடுத்தா என்ன" என்று தோன்றும். கொடுக்காதீர்கள். தூக்கம் வருகிற எந்த சிரப்பும் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். ஆஸ்பிரினும் கூடாது. குழந்தையின் எடைக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த அளவில் பாராசிட்டமால், அவர் சொன்னால் இபுப்ரோஃபென், போதும். வலி வந்த பிறகு கொடுப்பதைவிட, முதல் சில நாள் அவர் எழுதிய நேரப்படி கொடுத்தால் நன்றாகக் கேட்கும்.

மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தை, தூக்கத்தில் மூச்சுத் தடை மிக அதிகமாக உள்ள குழந்தை, இவர்களை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பக் கூடாது. ஒரு ராத்திரியாவது கண்காணிப்பில் இருக்க வேண்டும். உடல் பருமனோ டவுன் சிண்ட்ரோமோ இருந்தாலும் தங்குவது நல்லது. இன்ஷூரன்ஸ், செலவு என்று எதைச் சொல்லியும் அதைக் குறைக்காதீர்கள்.

அப்படியென்றால் ஆபரேஷனே வேண்டாமா?

இதைக் கேட்டுவிட்டு அடையாறு அம்மா ஆபரேஷனைக் கேன்சல் செய்துவிடக் கூடாது. 2013 டிசம்பரில் கலிஃபோர்னியாவில் ஓக்லாந்து நகரில் ஜஹாய் மெக்மத் என்கிற 13 வயதுப் பெண்ணுக்கு, தூக்கத்தில் மூச்சுத் தடைக்காக ஆபரேஷன் நடந்தது. வழக்கமான டான்சில் ஆபரேஷனைவிடப் பெரியது அது. பிறகு ரத்தப்போக்கு, இதயம் நின்றது, மூன்றாம் நாள் மூளைச்சாவு என்று அறிவித்தார்கள். உலகம் முழுக்கச் செய்தி. அதைப் படித்துவிட்டு, குழந்தை ராத்திரி முழுக்க மூச்சுக்குத் திணறினாலும் பரவாயில்லை என்று ஆபரேஷனைத் தள்ளிப்போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தத் திணறலும் இதயத்தை, வளர்ச்சியை, படிப்பைப் பாதிக்கிற நோய்தான்.

அதற்காகத் தேவையில்லாமல் செய்யவும் கூடாது. அடிக்கடி தொண்டை வலி என்றால் எத்தனை தடவை? ஒரு வருஷத்தில் ஏழு, அல்லது இரண்டு வருஷமாக வருஷத்துக்கு ஐந்து, அல்லது மூன்று வருஷமாக வருஷத்துக்கு மூன்று, அதுவும் டாக்டர் பார்த்துக் குறித்து வைத்த தொண்டை வலி. இதுதான் பரவலாக வைத்திருக்கிற அளவுகோல். அதற்குக் குறைவென்றால் பெரும்பாலும் காத்திருக்கலாம். தேவையில்லாத ஆபரேஷனில் வருகிற அபூர்வச் சிக்கலுக்கு யாரும் சமாதானம் சொல்ல முடியாது.

தேவை என்று முடிவானால், எங்கள் பங்கும் உங்கள் பங்கும் உண்டு. மூக்குக்குப் பின்னால் ரத்தக் கட்டி ஒன்று தங்கிவிட்டதா என்று மயக்கம் தெளிவதற்கு முன் பார்ப்பது எங்கள் வேலை. அது மூச்சுக்குழாயில் விழுந்தால் உயிருக்கு ஆபத்து. தொண்டையில் அளவுக்கு மேல் சூடு வைக்காமல் இருப்பதும் எங்கள் வேலை. உங்கள் பங்கு, வீட்டுக்கு வந்த பிறகு. தலை சாய்ந்து நிற்கிறதா, தூக்கத்தில் திரும்பத் திரும்ப முழுங்குகிறதா, பேச்சில் மூக்கொலி மாதக்கணக்கில் நீடிக்கிறதா, எழுப்ப முடியாமல் தூங்குகிறதா. இந்த நாலையும் அதே ஃப்ரிட்ஜ் காகிதத்தில் எழுதுங்கள். பேச்சுக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்கிப் போகலாம். கழுத்துக்கு அன்றைக்கே. மற்ற இரண்டுக்கும் அந்த நிமிஷமே.

அந்த மந்தைவெளிப் பையனுக்குப் பிறகு நான் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். ஆறாம் நாள் நானே ஃபோன் பண்ணுவேன். முதல் கேள்வி, "தலை நேரா இருக்கா?" சிலர் சிரிப்பார்கள். "என்ன டாக்டர், தொண்டையில ஆபரேஷன், தலையைப் பத்திக் கேக்கறீங்க?" சிரித்துவிட்டுத் திரும்பிக் குழந்தையைப் பார்ப்பார்கள் இல்லையா, அது போதும் எனக்கு.

உங்கள் டாக்டர் கூப்பிடாவிட்டால் ஆறாம் நாள் நீங்களே கூப்பிடுங்கள். கேள்விகள் இருந்தால் எழுதி அனுப்புங்கள், அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.